அம்பு ஒட்டிய கை

வேலையை விட்ட மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு நான் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை வரச்சொல்லவில்லை. தலை சீவி, சேலை மடிப்பைப் பின் குத்தி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு, திமிரிக்குப் போகும் சாலையில் எங்கள் ஊர்த் திருப்பத்தில் வழக்கமான புளியமரத்தடியில் போய் நின்றுவிட்டேன். பஸ்ஸும் பழக்கதோஷத்தில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, நேத்தே கணக்கு முடிச்சிக்கினு போய்ட்டன்னு சொன்னாங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "சும்மா, காத்து வாங்க வந்தேன்" என்றேன், கையில் டப்பாவோடு. ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ் போய்விட்டது. நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். முப்பத்தொன்பது வயதில் காலையில் போவதற்கு ஓர் இடம் இல்லாமல் நிற்பது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் வரப்போவதைப் பார்த்தால் அது தூசு. அன்றைக்கு அது தெரியாது.

வீட்டுக்குத் திரும்பியதும், வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார். "மொதலாளியம்மாவுக்கு மொத நாளே லீவா?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த மனிதருக்கு எதற்கும் ஒரு நக்கல் இருக்கும்.

நான் பதினாறு வருஷம் வேலை பார்த்தது மேல்விஷாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில். அதில் நான் செக்கர். லைனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அப்பர் தைப்பார்கள். அப்பர் என்றால் அடித்தட்டு ஒட்டுவதற்கு முன்னால் இருக்கும் ஷூவின் மேல்பாகம், வெறும் தோல் கூடு. லைன் முடிகிற இடத்தில் என் மேஜை. ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து, உள்ளே விரல் விட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். தையல் கோணியிருந்தால், நூல் நீட்டிக்கொண்டிருந்தால், இடதும் வலதும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால், தப்பு இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, ரீவொர்க் மேஜைக்குத் தள்ளுவேன். அங்கே அரை மணியில் சரிசெய்து, ஸ்டிக்கரைப் பிரித்துவிட்டு, திரும்ப அனுப்புவார்கள்.

அந்த ஸ்டிக்கருக்கு ஒரு சட்டம் உண்டு. தைத்தவள் அதைத் தொடக்கூடாது. முன்பு யாரோ சிலர் அம்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஜோடியை நல்லதோடு கலந்துவிட்டார்களாம். அதனால் வந்த சட்டம். தொட்டால் மெமோ. இன்னொரு சட்டம் எந்தப் போர்டிலும் எழுதப்படாதது: செக்கரிடம் வாய் கொடுக்கக்கூடாது. "இது தப்பில்ல மேடம்" என்று எவளாவது சொன்னால், அவளுடைய அடுத்த ஜோடியை நான் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் வெளிச்சத்தில் பிடிப்பேன். பிடித்தால் ஏதாவது அகப்படும். அகப்படாமல் போகாது. அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

வீட்டிலும் அதே கண்தான். தோசை ஓரம் கருகியிருந்தால், மகனுடைய சட்டைக் காலர் மடங்கியிருந்தால், கல்யாணப் பத்திரிகையில் எழுத்து சாய்ந்திருந்தால், முதலில் என் கண்ணில்தான் படும். "இட்லிக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு துன்னு" என்பார் வீட்டுக்காரர்.

வேலையை விடும் எண்ணம் வந்ததே இந்தக் கண்ணால்தான். கம்பெனி சில வேலைகளை வெளியே சின்ன யூனிட்டுகளுக்குக் கொடுக்கும். அணைக்கட்டுப் பக்கம் அப்படி ஒரு யூனிட்டுக்கு என்னைச் சரக்கு பார்க்க அனுப்பினார்கள். எட்டு மெஷின். நடத்துவது என் வயதுக்காரி ஒருத்தி. அவள் சரக்கில் பாதிக்கு நான் அம்பு ஒட்டினேன். அவள் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாள். "நீங்க சொன்னா சரிதான் மேடம், திருப்பித் தெச்சிடறோம்" என்றாள். வெளியே அவளுடைய யூனிட்டின் பெயர் எழுதிய பலகை, அதன் அடியில் அவளுடைய பெயர். நேராக ஒரு தையல் ஓட்டத் தெரியாத இவளே முதலாளி என்றால், எல்லாத் தப்பும் தெரிந்த நான் ஏன் ஆகக்கூடாது? திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. தப்பு எல்லாம் தெரிந்தவள் செய்தால் தப்பே வராது என்று நான் மனதார நம்பினேன்.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்கும்போது மேனேஜர் என்னை விடமாட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன் என்று இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் கடிதத்தை ஒருமுறை படித்தார்.

"யோசிச்சிட்டியாம்மா?"

"யோசிச்சிட்டேன் சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். "வெளிய யூனிட் போட்டா சொல்லு, ஒரு ட்ரையல் தர்றேன்" என்று மட்டும் சொன்னார். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கடைசி நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், என் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்து அதன் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷம் உட்கார்ந்த இடத்தை நிரப்ப ஒரு சாப்பாட்டு நேரம் போதுமாக இருந்தது.

என் பி.எஃப். பணமும் இரண்டு வளையலும் சேர்ந்து நான்கு பழைய தையல் மெஷின்கள் ஆயின. திமிரியில் உரக்கடைக்காரர் ஒருவரின் குடோனை வாடகைக்குப் பிடித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூன்று முறை கழுவியும் யூரியா வாசனை போகவில்லை. ஆம்பூரில் ஷூ சாமான் விற்கும் கடைக்குப் போய் நான் முதலில் வாங்கியது ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஒரு ரோல் சிவப்பு அம்பு.

என்னை நம்பி ஆறு பேர் வந்தார்கள். நான்கு பேர் மெஷினுக்கு, இரண்டு பேர் தோலை ஒட்டி மடிக்கும் மேஜை வேலைக்கு. எல்லோரும் அதே கம்பெனியை விட்டு வந்தவர்கள்தான். அவர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்விஷாரத்துக்காரி. அந்தக் கம்பெனியிலேயே அவளைப் போல் தைக்க ஆள் கிடையாது. பதிமூன்று வருஷ சர்வீஸ். புருஷனுக்குத் தோல் மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பு போய்விட்டது, மகள் காலேஜில் படிக்கிறாள். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. நானும் அவளும் வருஷக்கணக்காக ஒரே பெஞ்சில் சாப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் நான் அவளுக்கு 'நீ', 'வாடி', 'போடி'. மணி அடித்து லைனுக்கு வந்துவிட்டால் 'மேடம்'. அது அங்கே எல்லோருக்கும் உள்ள வழக்கம்.

கம்பெனியை விடுவதற்கு முன்னாலேயே அவளைக் கேட்க நினைத்தேன்; எனக்கே பயமாகத்தான் இருந்தது. கேட்டேன். இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பெஞ்சில், "வர்றேன். ஆனா ஒண்ணு. இது புட்டுக்கிச்சின்னா என்ன யாரும் பழைய சம்பளத்துக்கு சேத்துக்க மாட்டாங்க. தெரியுமில்ல?" என்றாள்.

"எப்டி புட்டுக்கும்? நான் கீறேன் இல்ல?" என்றேன்.

ட்ரையல் வந்தது. நூற்றைம்பது ஜோடி, பெண்கள் ஷூ, மெல்லிய ஆட்டுத்தோல், மேலே பளபளவென்று கருஞ்சிவப்புப் பூச்சு. கம்பெனியே தோலை வெட்டி எண்ணிக் கொடுத்துவிடும். தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. பத்து நாள் கெடு. இது பாஸானால் மாதாமாதம் வேலை. ஆகாவிட்டால் ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எங்கள் ஏழு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

முதல் நாளே, "இங்க மேடம்லாம் வேணாம், அக்கான்னு கூப்புடுங்க" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பத்து நிமிஷத்தில் ஒருத்தி, "மேடம், நூல் தீந்துடுச்சி" என்றாள். நானும் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால் காதுக்கு அது இதமாகத்தான் இருந்தது.

குடோனின் வாசல் பக்கம் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தேன். தைத்து வந்த ஒவ்வொரு ஜோடியையும் பார்த்தேன். என் பெயரில் போகும் சரக்கு என்பதால் கம்பெனியில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு கறாராகப் பார்த்தேன். கடுகளவு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அம்பு. கம்பெனியில் அதை விட்டிருப்பேன். இங்கே விடவில்லை. ரீவொர்க்குக்குத் தனியாக ஆள் இல்லை. அதனால் தையல் முழுக்க முடியட்டும், கடைசி இரண்டு நாளில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று, அம்பு ஒட்டிய ஜோடிகளைப் பின்சுவர் ஓரம் ரேக்கில் அடுக்கிவைத்தேன். அது சித்திரை மாதம். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மதியம் அந்தக் கூரைக்கு அடியில் தண்ணீர்க் குடம்கூடச் சுடும்.

எட்டாம் நாள் காலை நான் அட்டைப்பெட்டி வாங்க ஆற்காடு போயிருந்தேன். போகும்போது மேல்விஷாரத்துக்காரியிடம், "ரேக்ல கீறத ஒவ்வொண்ணா எடுத்து சரி பண்ணிடு, ஸ்டிக்கர நீயே பிரிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது மதியம் பன்னிரண்டு. உள்ளே ஒரு மெஷினும் ஓடவில்லை. ஆறு பேரும் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். மேஜைமேல் நான்கு ஜோடி. நான்கிலும் ஷூவின் மூக்கு முனையில் வெளிறிய ஒரு திட்டு.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பிசின் துடைக்கிற சொல்யூஷன் கையோடு தோலைத் தொட்டால் பூச்சு இப்படித்தான் போகும். நான் எத்தனை ஜோடியில் பார்த்திருக்கிறேன். ஒரு நிமிஷம் நின்று உற்றுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"சொல்யூஷன் கையோட தொட்டியா? பதிமூணு வருஷம் இன்னாத்த கத்துக்கின? உன்ன நம்பி ஒரு வேல குடுத்துட்டு போவ முடியாதா?" என்று கத்தினேன். எல்லோர் முன்னாலும். என் தோழியை.

அவள் ரேக்குக்குப் போய் அம்பு ஒட்டிய ஒரு ஜோடியை எடுத்துவந்தாள். முந்தானையில் இரண்டு கையையும் துடைத்து, விரல்களை விரித்து எனக்குக் காட்டினாள். பிறகு என் கண்ணெதிரே, நகத்தால் ஸ்டிக்கரின் ஒரு முனையைத் தூக்கி, மெதுவாகப் பிரித்தாள். ஸ்டிக்கரோடு தோலின் பளபளப்பும் உரிந்து வந்துவிட்டது. கருஞ்சிவப்புத் தோலில் வெளிறிய ஒரு திட்டு. அதற்கு முனை இருந்தது, வால் இருந்தது. அது ஓர் அம்பு.

அப்போதுதான் மேஜைமேல் இருந்த நான்கையும் மறுபடி பார்த்தேன். நான்கும் அம்புகள். ஒவ்வொன்றும் ஒரு கடுகளவு நூலைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நூலைக் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினால் போதும், ஜோடி சுத்தம். நூலால் கெட்டுப்போகாத ஜோடி என் கையால் கெட்டுப்போயிருந்தது. வெயிலில் வெந்து வெந்து ஸ்டிக்கரின் பசை பூச்சோடு ஒட்டிப் பிடித்துவிட்டது. கம்பெனியில் அரை மணிக்கு மேல் ஒரு ஸ்டிக்கரும் தோல்மேல் இருந்ததில்லை. அதனால் பதினாறு வருஷத்தில் எனக்கு இது தெரிய வழியே இருக்கவில்லை.

ஈரத்துணி போட்டு ஊறவைத்துப் பார்த்தோம். எண்ணெய் தடவிப் பார்த்தோம். மண்பானைத் தண்ணீரின் மேல் வைத்துக் குளிரவைத்துப் பிரித்தோம். எதற்கும் மசியவில்லை. நாற்பத்தொரு ஜோடி. எதிலும் தையல் தப்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எல்லாம் நான் தேடித் தேடிக் கண்டுபிடித்தவை.

அந்தச் சமயத்தில்தான் மேஜை வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, பாவம், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அன்னிக்கே ஒண்ணு பேத்துக்கினு வந்துச்சி மேடம். இந்தத் தோலே அப்டித்தான்" என்றாள்.

"எந்த அன்னிக்கி?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "மூணாம் நாளு. ரேக்லர்ந்து ஒண்ணு கீழ விழுந்துச்சி. எடுக்கறப்ப ஸ்டிக்கரு கழண்டு வந்துடுச்சி. தோலும் வந்துச்சி."

"யார் யார் பாத்தீங்க?"

எல்லோருடைய தலையும் குனிந்தது. ஆறு பேரும் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு அந்த ஸ்டிக்கரை அதே இடத்தில் திரும்ப ஒட்டி, ரேக்கில் வைத்துவிட்டு, மெஷினுக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் ஐந்து நாள் நான் ஒட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அட்டைப்பெட்டிக் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். துரோகம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் யாருக்கு யார் துரோகம் செய்தது? இந்தச் சரக்கு போனால் போவது அவர்களுடைய சோறு. தன் சோற்றில் மண் விழுவதை ஐந்து நாள் ஒருத்தி வாய் திறக்காமல் பார்ப்பாளா? ஆறு பேர் பார்ப்பார்களா?

"ஏன்டி சொல்லல?" என்று என் தோழியைக் கேட்டேன்.

அவள் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை. சாப்பாட்டு பெஞ்சில் பேசுவதைப் போலத்தான் பேசினாள்.

"செக்கர் ஒட்டனத நாங்க எப்டி சொல்றது? பதிமூணு வருஷத்துல நான் உன்கிட்ட ரெண்டு வாட்டிதான் பேசிக்கிறேன், இது தப்பில்லன்னு. ரெண்டு வாட்டியும் அன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் எனக்கு அம்பு வந்துக்கினே இருந்துச்சி. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை. அது எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி.

"நாங்க பேசிக்கினோம். சொல்லலாமா வேணாமான்னு. சொன்னா எவளோ வேணும்னு பிச்சிட்டான்னு நெனைப்ப. பேஜாரு. உனக்குத் தெரியாதது எங்களுக்கு இன்னா தெரிஞ்சிடப் போவுதுன்னு வுட்டுட்டோம்" என்றாள். பிறகு, "இப்பக்கூட பாரு, கேட்டியா? நேரா கத்துன" என்றாள்.

அன்றைக்கு மேற்கொண்டு யாரும் தைக்கவில்லை. வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் நக்கல் வரவில்லை. அது வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை நான்கு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். ஒரு வழி இருக்கிறதா என்று பஸ்ஸில் மூளை தேடிக்கொண்டே போனது. தோல் குறை என்று சொல்லி, பழியைத் தோல் பதனிட்டவர்கள்மேல் போடலாம். எந்த வார்த்தையில் எழுதினால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்கு அத்துப்படி. ஆனால் தோல் குறை அம்பு வடிவத்தில் வராது. எந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டினாலும் அம்பு என்றுதான் சொல்லும்.

அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மேனேஜர் ஒரு ஜோடியைக் கையில் எடுத்து நெடுநேரம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இங்க பதினாறு வருஷம் ஒட்டின. ஒண்ணும் ஆவலியேம்மா?"

"இங்க அரை மணில பிரிச்சிடுவாங்க சார்."

"அங்க?"

"அஞ்சு நாள், ஆறு நாள்... சிலது எட்டு."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். திட்டவில்லை. "ட்ரையல் இவ்வளவு ரிஜெக்ட் ஆனா நான் மேல இன்னா சொல்றது?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு பண்ணு. திங்கக்கிழமை வந்துடு. உன் எடத்துல இப்ப கீற பொண்ணுக்கு உன் கண்ணு இல்ல. அதே சீட்டு, அதே சம்பளம்" என்றார்.

"மத்தவங்க சார்?"

"வரட்டும். புதுசா சேத்துக்கலாம், ட்ரெய்னியா."

அந்த நிமிஷம் எனக்குள் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சந்தோஷம். என் மேஜை, என் வெளிச்சம், காலை ஆறே முக்கால் பஸ். பதிமூன்று வருஷ சர்வீஸை விட்டுவிட்டு என் பேச்சை நம்பி வந்தவள் ட்ரெய்னியாகப் போய் உட்காருவாள், நான் அவளுக்கு அம்பு ஒட்டுவேன். இதையெல்லாம் சேர்த்து யோசித்த பிறகும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. என்னைப் பற்றி எனக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்த நாற்காலியிலேயே சரிந்துபோனது. "சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

குடோனுக்குப் போனபோது ஆறு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திங்கட்கிழமை சீட்டைப் பற்றியும் சொன்னேன். சந்தோஷப்பட்டதை மட்டும் சொல்லவில்லை. பிறகு, "இன்னா பண்ணலாம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் அவர்களிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அம்பு ஒட்டுவதற்குக் காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள்.

கடைசியில் மேல்விஷாரத்துக்காரிதான் பேசினாள். "ரெண்டாவது ட்ரையல் கேட்டியா?"

"கேக்கல."

"இன்னாத்துக்குக் கேக்கல?"

எனக்குத் தோன்றவே இல்லை. என் மேஜையில் ஒருமுறை ரிஜெக்ட் என்று வைத்ததை நான் திரும்ப எடுத்துப் பார்த்ததே கிடையாது. அவர் ரிஜெக்ட் என்றார், நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவள் கையை நீட்டினாள். "நம்பர் போடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன். போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் நின்று, மேனேஜரிடம் அவர்கள் இருவருக்கும் வீட்டு மொழியான உருதுவில் பேச ஆரம்பித்தாள். பதிமூன்று வருஷம் அவள் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. இப்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினாள். நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்தது. பிறகு சிரித்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

உள்ளே வந்து போனை என் மடியில் வைத்தாள்.

"அம்பது ஜோடி தர்றாரு. கூலி கெடயாது, வெளுத்துப்போனதுக்கு ஈடு. அது நல்லா வந்துச்சின்னா அடுத்தது கூலியோட. அஞ்சு நாள் கெடு."

மற்ற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி டப்பாவைப் பக்கத்தில் இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"என் சீட்டு?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டதும் எனக்கே உடம்பு கூசியது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. ஏதோ எதிர்பார்த்ததுதான் என்பதைப் போல, தன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க, அவ வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

"வேற இன்னா சொன்ன?"

"கை நல்ல கை, தோலும் நல்ல தோல், எங்கள்ட்ட ஒரே ஒரு தப்பு இருந்துச்சி, அத நாங்க ஆறு பேரும் சேந்து சரி பண்ணிடறோம்னு சொன்னேன்" என்றாள்.

எந்தத் தப்பு என்று நான் கேட்கவில்லை. ஆறு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.